பேட்டரி தரைக்கா, வானத்துக்கா?

பெங்களூரில் பறக்கும் டாக்சி வரப்போகிறதாம். 2024இல் இங்குள்ள விமான நிலைய நிறுவனமும் சரளா ஏவியேஷன் கம்பெனியும் இதற்காகக் கைகோர்த்தன. பேட்டரியில் பறக்குமாம். நல்லது. ஆனால், கணக்கைப் பார்க்காமல் கைதட்டுவது தொழிலாளிக்கு அழகல்ல.

ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய ஆற்றல், நம் வீட்டு மீட்டர் கணக்கில் சுமார் 12 யூனிட். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் கால் யூனிட்தான். எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் வீணாக்குவது சொற்பம். அதைக் கழித்தாலும் பெட்ரோல் பத்து மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறது. மேலும், விமானத்தில் பெட்ரோல் எரிய எரியப் பாரம் குறையும். பேட்டரியோ ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பாரம். 2020இல் ஐரோப்பாவில் சான்று பெற்ற பிபிஸ்ட்ரல் மின்விமானத்தில் இருவர்தான் அமரலாம். பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னைக்கும் டெல்லிக்கும் நூற்றுக்கணக்கானோரைச் சுமக்கும் விமானம் இன்றைய பேட்டரியில் ஆகாது.

தரையில் கதை வேறு. 2001இல் நம் பொம்மசந்திராவிலிருந்தே ரேவா கார் வெளிவந்தது. ஈய பேட்டரி, ஒரு சார்ஜுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். வாங்கியவர் குறைவு. ஆயினும் லண்டன் தெருக்களிலும் அது ஓடியது. இன்றைய லித்தியம் பேட்டரி அதைவிடப் பல மடங்கு மேல். சிக்னலில் நிற்கும்போது வண்டியை நகர்த்தும் மோட்டார் மின்சாரம் தின்னாது. பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். நெரிசலில் நாளெல்லாம் ஓடி இரவில் வீடு திரும்பும் நம் ஆட்டோவுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

தடை விஞ்ஞானத்தில் இல்லை. ஒற்றை அறை வாடகை வீட்டில், பொது மீட்டரில், ஆட்டோவை எங்கே சார்ஜ் செய்வது? பேட்டரி தேய்ந்தால் மாற்றும் செலவு யார் தலையில்? வட்டிக்காரனிடமா போவது?

ஆகவே நாம் கேட்கிறோம்: ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர் ஆட்டோ ஸ்டாண்டுகளில் சார்ஜ் நிலையம் வேண்டும். பேட்டரிக்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் வேண்டும். பழைய பேட்டரியைத் தயாரித்தவனே திரும்பப் பெற வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதி, பழைய இரும்புக் கடையில் அமிலம் தொடும் நம் பிள்ளைகளைக் காக்கும்படி அமலாக வேண்டும். 2022இல் அடிக்கல் நாட்டிய புறநகர் ரயிலை விரைந்து முடிக்க வேண்டும். கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ரயிலுக்கு, பேட்டரியைச் சுமக்கும் பாடே இல்லை!

பணமுள்ளவர் சொந்தப் பணத்தில் வானத்தைச் சோதிக்கட்டும். மக்கள் பணம் முதலில் தரைக்கு வரட்டும். தோழர்களே, அடுத்த வார்டுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைக் கையெழுத்தோடு வைப்போம்.