இராத்திரிக்கும் ஒரு தாதி வேண்டும்

காய்ச்சலும் நெஞ்சுவலியும் டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. பூட்டிய பிறகு வந்தால் லயத்தில் பார்ப்பது யார்? பாட்டியும் பக்கத்துக் காம்பராக்காரரும்தான்.

தோட்டத்தில் நோயாளி யார் என்று அறிந்து உடனே நிவாரணம் செய்வது துரையின் கடமை என்று 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் சட்டம், கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே என்ற கவலையில் எழுதியதாகத்தான் இருக்கும். அந்தளவாவது இன்றைய கம்பெனிகள் செய்யட்டும்.

குளவி கொட்டி முகம் வீங்கி மூச்சு இழுத்தால், கணக்கு நிமிடங்களில். அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். வெலிமடை ஆதார வைத்தியசாலைக்கு லொறி வளைவு வளைவாக இறங்கும் வரை அந்த மூச்சு தாங்காது. கைக்குழந்தைக்கு வயிற்றோட்டமா? ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே, கண் குழிவிழுகிறதா, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். குழி விழுந்தால் ஆஸ்பத்திரிதான். தாத்தாவுக்கு வாய் கோணி ஒரு கை விழுந்தால் "விடியட்டும்" என்று இருக்காதீர்கள்; 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

துணைக்குப் போனால் அன்றைய பேர் கிடைக்காது. அதனால் நோயாளியைப் பார்க்கப் பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறார்கள். என் வகுப்பில் வாங்கு காலியாகிறது.

இரவிலும் பயிற்சி பெற்ற தாதி ஒருவர், துணைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம்: இவ்விரண்டையும் நிர்வாகத்திடம் கேட்கிறோம். உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.