வான்வெளியை மூடுவது தண்டனை ஆகலாமா?

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேர்வழியில் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். சைபீரியாவுக்கு மேலே பறக்க முடிந்தவரை, இந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. பின்னேர் விமான நிறுவனம் தன் ஆசியச் சேவைகளையே இந்தக் குறுக்குவழியை நம்பித்தான் வளர்த்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன்பின் வட துருவம் வழியாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போகவேண்டியதாயிற்று. பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. பனிப்போர்க் காலத்தில், 1983-ல், இதே நிறுவனம் வட துருவத்தைச் சுற்றி டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியபோதும் ஏறத்தாழ இவ்வளவு நேரம்தான் ஆனது. விமானப் பொறியியலின் நாற்பது ஆண்டு முன்னேற்றம் பயணிக்கு ஒரு மணி நேரத்தைக்கூட மிச்சப்படுத்தவில்லை. கூடுதலாக எரியும் எரிபொருளின் செலவைப் பயணிகளும், அதன் புகையை உலகம் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கிறது.

இப்படி வான்வெளியை மூடச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளி முழுக்க அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944-ன் சிகாகோ உடன்படிக்கை முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. கடலில் நிலைமை வேறு: ஒரு நாட்டின் எல்லைக்கடல் வழியாகவும், தீங்கு செய்யாத அயல்நாட்டுக் கப்பல் கடந்துபோகலாம். வானில் அப்படிக் கடந்துபோகும் உரிமையைத் தரும் தனி ஒப்பந்தமும் 1944-லேயே உருவானது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன, ரஷ்யா சேரவில்லை. தரையிறங்கி வணிகம் செய்யும் உரிமையும், மேலே கடந்துபோகும் உரிமையும் ஒன்றல்ல. படையெடுத்த நாட்டின் விமானங்களைத் தரையிறங்க விடாமல் தடுப்பது நியாயமான தண்டனை. அதை நான் ஆதரிக்கிறேன். கடந்துபோகும் உரிமையை மட்டும் எந்தத் தரப்பும் ஆயுதமாக்கக் கூடாது.

வழி திறந்தால் ஐரோப்பிய நிறுவனங்கள் செலுத்தும் கட்டணம் ரஷ்யாவின் போருக்குப் போகாதா என்று கேட்பார்கள். கேள்வி சரியானதே. சைபீரியாவைக் கடக்க அந்நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பெருந்தொகை செலுத்தின. ஆனால், வெறுமனே கடந்துபோவதற்காக மட்டும் கட்டணம் வாங்கக் கூடாது என்று சிகாகோ உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. வான்வழி கட்டுப்பாட்டுச் சேவைக்கு ஆகும் செலவோடு கட்டணம் நிற்கவேண்டும். பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. 2014-ல் கிழக்கு உக்ரைனுக்கு மேலே மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அந்த வான்வெளி முன்பே மூடப்பட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஏவுகணை பறக்கும் இடத்தை மூடத்தான் வேண்டும். போர்முனையிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள சைபீரியாவை மூடியதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கையெழுத்து மட்டும் போதாது என்பதை நம் அண்டையிலேயே காண்கிறோம். இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தக் கடப்பு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இருந்தும் 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றது வான்வெளியை மூடின. டெல்லியிலிருந்து அமெரிக்கா செல்லும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வழியில் எரிபொருளுக்காக இறங்கவேண்டி வந்தது. 1971-ல் இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தானுக்கு மூடியதால் எழுந்த வழக்கில், பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கவுன்சிலுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்பதை மட்டும் முடிவுசெய்யவே பன்னாட்டு நீதிமன்றத்துக்கு 1972 ஆகஸ்ட் வரை ஆனது. ஆகவே, வான்வெளியை மூடும் நாடு, அங்கே விமானத்துக்கு ஆபத்து இருப்பதைச் சில நாட்களுக்குள் அந்தக் கவுன்சிலிடம் நிரூபிக்கவேண்டும்; நிரூபிக்காதவரை வழி திறந்தே இருக்கவேண்டும்.