பம்ப் மெதுவாய் ஓடட்டும், அப்பா

இந்தக் கிழமை எபிசோடில் ஸ்மார்ட் ஹோம் சாமான்களைப் பற்றிக் கதைக்கும்போது, "எங்கட வீட்டிலேயே புத்திசாலியான மெஷின் பூல் பம்ப்தான்" என்று சொல்லிவிட்டு நான் தாண்டிப் போய்விட்டேன். அதுக்கான விளக்கம் இது.

எங்கட வீடு சிட்னிக்கு மேற்கே. வாங்கும்போதே பின்வளவில் பூல் இருந்தது, கிட்டத்தட்ட 50,000 லிட்டர். அதோடு ஒரு சண்டையும் வந்தது. நான் பம்பை எட்டு மணித்தியாலம் ஓட விடச் சொல்லுவேன். அப்பா நாலு மணித்தியாலத்தில் போய் நிப்பாட்டுவார். "கரண்ட் பில் ஆர் கட்டுறது, நீயோ?"

பூல் தண்ணி ஒரு வட்டத்தில் ஓடுது. மேலே மிதக்கும் இலை, பூச்சி, சன்ஸ்கிரீன் எண்ணெய் எல்லாத்தையும் ஓரத்தில் இருக்கும் ஸ்கிம்மர் இழுக்கும். அடியில் இருந்தும் கொஞ்சம் வரும். பிறகு பம்ப், மணல் ஃபில்டர், உப்பில் இருந்து குளோரின் செய்யும் பெட்டி, கடைசியாய் சுவரில் உள்ள ஓட்டைகளால் திரும்பவும் பூலுக்குள்ளே. ஃபில்டருக்குள் இருப்பது உண்மையிலேயே மணல்தான், ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது 20 முதல் 40 மைக்ரோன் வரையான தூசியைப் பிடிக்கும். கொஞ்சம் அழுக்குப் படிந்த மணல் புது மணலை விட நல்லாய் வடிக்கும், ஏனென்றால் படிந்த அழுக்கே இடைவெளிகளைச் சிறிதாக்கிவிடும். அதனால் கிழமைக்குக் கிழமை பேக்வாஷ் செய்து தண்ணியை வீணாக்காதீங்கோ. அழுத்தமானி சுத்தமான நிலையை விட 50 கிலோபாஸ்கல் அளவு ஏறும்வரை பொறுங்கோ.

50,000 லிட்டர் ஃபில்டருக்குள்ளால் போனால் முழுத் தண்ணியும் சுத்தம் என்று நானும் நினைத்தேன். இல்லை. வடித்த தண்ணி போய் வடிக்காத தண்ணியோடுதான் கலக்குது. நல்லாய்க் கலக்கும் பூலில்கூட ஒரு சுற்றில் 63 வீதம்தான் ஃபில்டரைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95. ஆக, தண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேணும். ஆனால் வேகமாய் ஓடத் தேவையில்லை.

போன கோடையில் பழைய பம்ப் செத்துப்போச்சு. கடைக்காரர் இன்னும் பெரிய பம்ப் ஒன்றையும், அதை ஃபோனில் பார்க்க ஒரு ஆப்பையும் விற்கப் பார்த்தார். நான் வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் கேட்டேன். கணக்கு இதுதான்: பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணியும் பாதியாகும், ஆனால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். எங்கட பழைய பம்ப் 1,100 வாட். நாலு மணித்தியாலம் ஓடினால் 4.4 யூனிட். பாதி வேகத்தில் எட்டு மணித்தியாலம் ஓடினால் அதே அளவு தண்ணி, 1.1 யூனிட். மோட்டாரின் விரயத்தையும் சேர்த்து ஒன்றரை என்றே வையுங்கோ. மெதுவாய்ப் போகும் தண்ணியில் மணலும் தூசியை நல்லாய்ப் பிடிக்கும்.

அப்பா நம்பவில்லை. அவர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், தோட்டக் காணியில். வெங்காயத்துக்குக் கிணற்றில் இருந்து மெஷின் போட்டு இறைத்த மனிசன். "முழு வேகத்தில விட்டு, இறைச்சு முடிய நிப்பாட்டுறதுதான் முறை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், கிணற்றடியில் அவர் சொல்வதுதான் சரி! அங்கே தண்ணியை உயரத்துக்குத் தூக்க வேணும். வேகம் பாதியானால் தூக்கும் பலம் கால்வாசியாகிவிடும், வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராமல் போகலாம். பூலில் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம். தூக்கும் வேலை கிட்டத்தட்ட இல்லை, குழாயும் மணலும் தரும் உராய்வு மட்டும்தான். அந்த எட்டில் ஒரு பங்கு கணக்கு இங்கே பொருந்துவதும் அங்கே பொருந்தாததும் இதனால்தான். அப்பாவிடம் இருந்தது அறியாமை இல்லை, வேறொரு பம்பின் அறிவு. இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு வருசச் சண்டை மிச்சம்.

அதனால் என் கருத்து: அம்மா அப்பா பூல் உள்ள வீடு வாங்கினால் ஆப்புக்குக் காசு கொடுக்க விடாதீங்கோ. ஃபோனில் தண்ணியின் வெப்பநிலையைப் பார்ப்பதால் ஒரு தூசியும் போகாது. காசை வேகம் மாறும் பம்பில் போடுங்கோ. அமெரிக்காவில் 2021 ஜூலையில் வந்த விதியால் பெரிய ஒற்றை வேகப் பம்புகள் சந்தையை விட்டே போகத் தொடங்கின, அது சும்மா இல்லை.

ஒன்றிரண்டு எச்சரிக்கை. மிகவும் மெதுவாக்கினால் குளோரின் பெட்டி "தண்ணி ஓடவில்லை" என்று நின்றுவிடும், ஸ்கிம்மரும் இலையை இழுக்காது. அந்த எல்லையை உங்கட பூலில்தான் தேடிப் பிடிக்க வேணும். பேக்வாஷுக்கும் அடியைக் கூட்டி எடுக்கவும் முழு வேகம் வேணும். கூரையில் சோலார் இருந்தால் பகலில் ஓட விடுங்கோ.

இப்ப எங்கட பம்ப் காலை ஒன்பதில் இருந்து ஐந்து மணிவரை ஓடுது. சத்தமே இல்லை. அப்பா தேத்தண்ணியோடு பின்வளவுக்குப் போய், ஓடுதோ என்று அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். நிப்பாட்டுவதில்லை.