பாறையை உருக்குவது நெருப்பா, தண்ணீரா?

மக்மாவைத் தமிழில் பாறைக்குழம்பு என்கிறோம். அழகான சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும், பூமிக்குள் எந்நேரமும் ஒரு பெரிய குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தை மனதிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

புவியோட்டுக்குக் கீழே இருக்கும் அடுக்கு கிட்டத்தட்ட முழுவதும் கெட்டியான பாறை. சூடு 1,000 பாகையைத் தாண்டினாலும், மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருக விடாது. சில இடங்களில் மட்டுமே அது உருகும்.

புவித்தட்டுகள் விலகும் இடம் ஒன்று. ஐஸ்லாந்து அப்படிப்பட்டது. அங்கே பாறை மேலெழ, அழுத்தம் குறைந்து உருகுகிறது. புதிதாகச் சூடு எதுவும் தேவையில்லை.

ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் இறங்கும் இடம் மற்றது. இறங்கும் தட்டு கடல்நீரையும் தன் கனிமங்களுக்குள் கொண்டுபோகிறது. சுமார் 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்த நீர் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறைக்குள் புகுந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. ரொறன்ரோவின் பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுகிறார்களே, அதே வேலைதான். உப்பு பனிக்கட்டியைச் சூடாக்குவதில்லை. ஆனாலும் அது உருகுகிறது.

தட்டுகள் பக்கவாட்டில் உரசும் இடங்களில் பெரும்பாலும் மக்மா உருவாகாது. அந்த வகை எல்லையை 1965இல் விளக்கியவர் நமது ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டூசோ வில்சன்.

"ரொறன்ரோவில் எரிமலையே இல்லையே, நமக்கு எதற்கு இது?" என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஐ நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. இந்தியத் தட்டு இறங்கும் சுமாத்திரா எல்லையில் நிலம் அதிர்ந்தது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடல் ஊருக்குள் வந்தது. அதே எல்லையில், வடக்கே அந்தமானில், பாரன் தீவு எரிமலை இருக்கிறது. எரிமலையும் சுனாமியும் ஒரே தட்டின் வேலை.

கனடாவின் மேற்குக் கரையிலும் இதே கதைதான். அங்கே ஹுவான் டி ஃபூகா தட்டு இறங்குகிறது. மீகர் மலை சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. 1700 ஜனவரி 26இல் அங்கே எழுந்த சுனாமி ஜப்பான் வரை போனது.

கடல் கோபித்துக்கொண்டது என்று சொல்லும் பெரியவர்களோடு நான் வாதாட மாட்டேன், அவர்கள் இழந்தவர்கள். ஆனால் நாம் காரணத்தைப் படிக்க வேண்டும். அன்று கடல் உள்வாங்கியபோது, பார்க்கப் போனவர்கள் பலர். நாளை உங்களில் ஒருவர் படிக்கவோ வேலைக்கோ வன்கூவர் தீவுக்குப் போகலாம். நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ கடல் பின்வாங்கினாலோ, நின்று பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.