பச்சை நீரும் பதைக்கும் மீனும்



2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மண்டபம், பாம்பன் கரையில் நின்றோர் கண்டது நீலக் கடலன்று, பச்சைக் கடல்! தழையை அரைத்துக் கரைத்தாற்போல் அலை வந்தது. வந்த அலை, செத்த மீனைக் கரையிலே தள்ளிவிட்டுத் திரும்பிற்று. 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடா இக்கோலம் பூண்டது. 2021 அக்டோபரிலும் பூண்டது.

மீனவர் இதனைப் பூங்கோரை என்பர். பெயரிலே பூ, செயலிலே தீ! விஞ்ஞானிகள் இட்ட பெயர் நாக்டிலூகா. பாசியென்று நாம் சொன்னாலும், அது பச்சைப் பாசியைத் தன் உடலுக்குள்ளே குடிவைத்து வாழும் ஓரணு உயிர். நஞ்சூட்டிக் கொல்வதன்று, மூச்சைத் திருடிக் கொல்வதே அதன் தொழில். பெருகுகிறது, மடிகிறது, அழுகுகிறது. அழுகலை உண்ணும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சித் தீர்க்கின்றன. போதாக்குறைக்கு, அதன் உடலில் சேர்ந்திருந்த அம்மோனியா வெளிப்பட்டு மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. 2019இல் அத்தீவுப் பகுதியை ஆராய்ந்தோர், ஒரு லிட்டர் நீரில் உயிர்வளி 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதைக் கண்டனர். விரைந்து நீந்த வல்லது விலகியோடும். பாறையிடுக்கே வீடென்றிருப்பது எங்கே ஓடும்? ஓடவே இயலாத பவளமும் மடிந்தது. ஊரிலே வெள்ளம் புகும்போதும் இதே நியாயந்தானே!

கொத்தமங்கலத்துத் தோழர் ஒருவர் கேட்டார்: "கடற்கரையான் துயரை இங்கு ஏனய்யா பேசுகிறீர்? எங்கள் ஊரில் அலையா அடிக்கிறது?"

அலை அடிக்கவில்லை, ஊருணி இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. கூரையில் விழுந்த மழையையும் வீணாக்காது ஊருணிக்கு அனுப்பிய நாடு செட்டிநாடு. மழைநீர் சென்ற வழியிலே இன்று சோப்பு நீரும் சாக்கடையும் செல்ல விட்டால், வயலின் யூரியாவும் உடன் சேர்ந்தால், விருந்து பாசிக்கு! கோடையில் நீர் சுண்ட, மேலே நீலப்பச்சை ஏடு படர்கிறது. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்றொரு வகை உண்டு. அது மூச்சைத் திருடுவதோடு நில்லாது, நஞ்சையும் கக்கவல்லது.

பகலில் அந்தப் பாசி உயிர்வளியை ஆக்கித் தரும்; இரவிலே தானே உண்டு தீர்க்கும். ஆகவேதான் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. காற்றை நேரே விழுங்கவல்ல விராலும் தேளியும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். செத்ததை எண்ணுகிறோம், பிழைத்ததன் நிலையை யார் பார்த்தார்? நஞ்சு கல்லீரலைச் சிதைக்கிறது, செவுள் வீங்குகிறது, மீன் இரையெடுக்க மறுக்கிறது, மெலிகிறது, அடுத்து வரும் நோய்க்கெல்லாம் இடங்கொடுக்கிறது. குத்தகை எடுத்தவன் எடைபோடும் நாளிலேதான் இழப்பை அறிகிறான்.

மீன் மிதந்தால் நாம் செய்வதென்ன? மருந்து கலந்தவன் எவனென்று பங்காளியைச் சந்தேகிக்கிறோம். அல்லது தெய்வக் குற்றம் என்கிறோம். குற்றம் உண்டு, ஐயமில்லை! அதன் சுவடு கோயில் வாசலில் இல்லை. சாக்கடை வாயிலில் இருக்கிறது. கடலிலே பூங்கோரை இயற்கையாகவும் எழக்கூடும். ஊருணிக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

மேல்நாட்டாருக்கும் இந்தப் பாடம் இலவசமாகக் கிட்டவில்லை. போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றிலே 2022 ஆகஸ்டில் 300 டன்னுக்கு மேற்பட்ட மீன் மடிந்தது. கழிவால் ஆறு உப்பேறிற்று. உவர்நீரில் வாழும் பொன்னிறப் பாசி அங்கே குடியேறிற்று. அதன் நஞ்சு செவுளைச் சிதைத்தது.

கிளைத் தோழர்கள் ஊராட்சியிலே கேட்க வேண்டியவை சில. ஊருணிக்குள் வரும் கழிவுக்கால் ஒவ்வொன்றையும் அடையுங்கள், மாற்றுவழி காட்டுங்கள் என்று கேளுங்கள். நீரைச் சோதிக்க வரும் அதிகாரியை விடியுமுன் வரச் சொல்லுங்கள். நண்பகலில் ஜீப்பில் வந்து அளந்தால் உயிர்வளி நிறைய இருக்கும். "குறையொன்றுமில்லை" என்றெழுதிக் கையொப்பமிட்டுப் போவார்! இன்னொன்று: செத்து மிதந்த மீனை மலிவென்று யாரும் வாங்க வேண்டாம். குழம்பின் கொதிப்பில் மைக்ரோசிஸ்டிஸ் நஞ்சு அழிவதில்லை.