சட்டத்தில் உள்ள பாடம் வகுப்பறைக்கு வரட்டும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் என்றதும் அரசு வேலையில் 4 சதவீத, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், பொறியாளர், கட்டடக் கலைஞர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோருக்கான படிப்புகளில் இப்பொருள் ஒரு பாடக்கூறாக இடம்பெற வேண்டும். மக்கள் பிரதிநிதிகளுக்கும் காவல்துறையினருக்கும் நீதிபதிகளுக்கும் இதில் பயிற்சி வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஆய்வு மையங்களை நிறுவ வேண்டும் என்கிறது அப்பிரிவு.

இது வெறும் கல்விப் பிரச்சனை அல்ல. ஓரடி உயரத்திற்கு 12 அடி நீளச் சாய்தளம் தேவை என்ற எளிய கணக்கைப் படிக்காமலேயே ஒருவர் பொறியாளராகிவிட முடிகிறது. பிறகு மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்குகிறார்கள். அதற்குக் கருணை என்றும் பெயர் சூட்டப்படுகிறது.

பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், அணுகல் வசதிக்கான விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்திற்கே முரணானது என 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களில் கட்டாய விதிகளை வகுக்குமாறும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. விதிகள் கட்டாயமானாலும், அவற்றின்படி கட்டடத்தை, பேருந்தை, இணையதளத்தைச் சோதித்துக் குறை சொல்லத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தேவை. அவர்களை எந்தக் கல்லூரி உருவாக்குகிறது?

படித்தவர்களின் நிலையோ இன்னும் மோசம். தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இலேயே உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. முறையாகப் படித்துப் பதிவும் பெற்ற சிறப்பாசிரியர்கள் பலர் இன்றும் தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் பணியாற்றுகிறார்கள். இத்தகைய வேலையை நம்பி எந்த ஏழை வீட்டுப் பிள்ளை இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்?

பாஜக அரசு ‘திவ்யாங்’ எனத் தெய்வீகப் பட்டம் சூட்டியது. பட்டத்தால் பணியிடம் உருவாகாது. 2011 கணக்கெடுப்பின்படியே மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அப்போது ஏழு வகைக் குறைபாடுகளையே சட்டம் அங்கீகரித்திருந்தது. இன்று 21 வகைகள்.

47ஆவது பிரிவு எந்தெந்தப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது என்பதை ஒன்றிய, மாநில அரசுகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சிறப்பாசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக்கி, காலமுறை ஊதியத்தில் நிரப்ப வேண்டும். மாணவர், ஆசிரியர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் இக்கோரிக்கையை மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் பொறுப்பு என ஒதுக்கிவிடாமல், ஒவ்வொரு பல்கலைக்கழகப் பேரவையிலும் எழுப்ப வேண்டும்.