சக்கரம் சுற்றலாம், சாவி யாரிடம்?

"ஓடுகிற தண்ணீர்தானே! போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?"

அணையில் மின்சாரம் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நிலக்கரியை எரித்தால் சாம்பல்தான் மிச்சம். எண்ணெயை எரித்தால் புகைதான் மிச்சம். தண்ணீரோ அப்படி அல்ல. உயரத்திலிருந்து விழும்போது அதற்கு ஒரு வேகம் வருகிறது. அந்த வேகம் சக்கரத்தைச் சுற்றுகிறது; சக்கரம் மின்சாரத்தைக் கொடுக்கிறது. ஒரு குடம் தண்ணீர் உள்ளே போனால், அதே ஒரு குடம் வெளியே வருகிறது.

புது அணை கட்டினால் ஊர்கள் மூழ்கும், காடு அழியும். ஏற்கெனவே இருக்கிற அணையில் சக்கரம் பொருத்தினால் அந்தக் கஷ்டமும் இல்லை. அதனால்தான் உலகெங்கும் பழைய அணைகளின் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் சிறு புனல் மின் திட்டங்களுக்கான கொள்கை ஒன்றை மாநில அமைச்சரவை ஏற்றது. 100 கிலோவாட் முதல் 10 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களுக்கு அது வழி செய்கிறது. தனியாரும் முன்வரலாம்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீரின் அளவு குறையாது என்பது உண்மை. தண்ணீர் வரும் நேரம் மாறாதா? வரும் வழி மாறாதா? இந்த இரண்டையும் முன்கூட்டிப் பார்த்துச் சொல்வதற்குத்தான் சுற்றுச்சூழல் பரிசீலனை என்று பெயர்.

சட்டம் கேட்காத கேள்வி

இந்தியாவில் இத்தகைய பரிசீலனை 1994-ம் ஆண்டில்தான் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் இருக்கும் விதி 2006-ம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதன்படி பெரிய புனல் மின் திட்டங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நிலையம் என்றால் அந்த அனுமதி தேவை இல்லை. காட்டு நிலத்தில் கை வைத்தால் மட்டும் வனச் சட்டம் குறுக்கே வரும்.

ஆக, 10 மெகாவாட் வரையிலான நிலையம் எதுவும் இந்தப் பரிசீலனைக்கு வராது. சிறியது என்பதால் தீங்கும் சிறியதாகவே இருக்கும் என்பது சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா? இதற்கு விடை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மதுரைக்குத் தண்ணீர் வரும் வழியைப் பின்தொடர்ந்து போனால் போதும். அந்த ஒரே வழியில் இரண்டு அணைகள் இருக்கின்றன. இரண்டும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. இரண்டிலும் பல ஆண்டுகள் கழித்தே மின்சாரம் வந்து சேர்ந்தது.

பெரியாறு சொல்லும் பாடம்

முதலாவது, முல்லைப் பெரியாறு அணை. 1886-ம் ஆண்டு திருவாங்கூர் மகாராஜாவின் சர்க்காரும் சென்னை மாகாண சர்க்காரும் 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டன. கர்னல் பென்னிகுயிக் முன்நின்று அணையைக் கட்டினார். 1895-ம் ஆண்டு வேலை முடிந்தது. மேற்கே ஓடிய ஆறு மலைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வறண்டு கிடந்த மதுரைச் சீமைக்கு வந்தது.

வருஷங்கள் சென்றன. மலையிலிருந்து இவ்வளவு உயரம் விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமே என்று சென்னை சர்க்கார் எண்ணியது. திருவாங்கூர் சம்மதிக்கவில்லை. "தண்ணீர் கொடுத்தது பயிருக்கு; மின்சாரத்துக்கு அல்ல" என்பது அதன் வாதம். திருவாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்த வழக்கை எடுத்துரைத்தார். மத்தியஸ்தர்கள் இருவரும் ஒத்துப்போகாததால் விஷயம் நடுவரிடம் போயிற்று. 1941-ம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சொன்னார். குத்தகை பாசனத்துக்கு மட்டுமே. மின்சாரம் எடுக்கச் சென்னைக்கு உரிமை இல்லை என்பதே தீர்ப்பு.

சுதந்திரத்துக்குப் பிறகு இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 1958 முதல் 1965-க்குள் நான்கு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140. பிற்பாடு இயந்திரங்களைப் புதுப்பித்ததில் திறன் இன்னும் கூடியது. 1970-ம் ஆண்டு மே 29-ந் தேதி கேரளத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குத்தகைப் பணம் ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆண்டில் 35 கோடி யூனிட் வரை, 8,760 யூனிட்டுக்கு 12 ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 730 யூனிட்! அதற்கு மேல் எடுத்தால் 12 ரூபாய் 18 ரூபாய் ஆகும்.

1941-ம் ஆண்டில் கேட்ட கேள்வி, "உரிமை யாருக்கு?" என்பது. 1970-ம் ஆண்டில் கேட்ட கேள்வி, "பணம் எவ்வளவு?" என்பது. ஆற்றுக்கு என்ன ஆகும், ஆற்றை நம்பியவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இரண்டு முறையும் இடம் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

ஆறு மாறிய விதம்

லோயர் கேம்ப்பில் என்ன நடக்கிறது? முன்பு சுரங்கத்தை விட்டு வெளிவந்த தண்ணீர் மலைச்சரிவில் பாறைக்குப் பாறை தாவி ஓடையாக இறங்கியது. மின் நிலையம் வந்த பிறகு அது ராட்சதக் குழாய்களில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கி, சக்கரங்களைச் சுற்றி, அடிவாரத்தில் ஆற்றோடு சேர்கிறது. திறந்து விடும் தண்ணீர் மிகவும் குறைந்துபோனால் இயந்திரம் ஓடாது. அப்போது குடிநீருக்காக இரைச்சல் பாலம் வழியே பழைய பாதையில் தண்ணீர் விடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இயந்திரம் ஓடுகிற நாளில் பழைய ஓடையில் தண்ணீர் குறைந்துபோகிறது. ஓடையை நம்பிய மீனுக்கும் பறவைக்கும் காட்டு விலங்குக்கும் அது வேறு இடம். இயந்திரத்தைத் திடீரென்று ஓட்டினாலோ, வானத்தில் ஒரு மேகமும் இல்லாத பகலில் கீழே ஆறு ஏறிவிடும். துணி துவைப்பவர்களும் மாடு குளிப்பாட்டுபவர்களும் கரையில் நிற்பார்கள். எச்சரிக்கை செய்ய மறந்தால் ஆபத்து.

ஆனாலும் பெரியாற்றில் பாசனம் பின்னுக்குப் போகவில்லை. காரணம், கீழே கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் காத்திருக்கிறது. அதற்கும் கீழே, மின் நிலையத்தை விட்டு வரும் தண்ணீரை நிறுத்தி வைக்க இன்னோர் அணை இருக்கிறது. மேலே ஏற்ற இறக்கம் இருந்தாலும் கீழே அதைச் சமன் செய்துகொள்ளலாம். அந்த இன்னோர் அணைதான் வைகை.

வைகை காட்டும் வழி

ஆண்டிபட்டிக்கு அருகே உள்ள வைகை அணையை 1959-ம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சர் காமராஜ் திறந்து வைத்தார். முழுக் கொள்ளளவு 71 அடி. சுமார் 30 ஆண்டுகள் அது பயிருக்கும் குடிநீருக்கும் மட்டுமே உழைத்தது. 1990-ம் ஆண்டில் மூன்று மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு பொருத்தப்பட்டன. ஆக மொத்தம் 6 மெகாவாட்.

ஆறு மெகாவாட் என்றால் எவ்வளவு? ஒரு மாதம் முழுவதும் குறையாமல் ஓடினால் 43,20,000 யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பங்கள் 21,600-க்கு அது போதும். ஆனால் ஆண்டு முழுவதும் அப்படி ஓடுவதில்லை. பாசனத்துக்கு மதகு திறந்தால் சக்கரம் சுற்றும். தண்ணீரை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். மின்சாரத்துக்காக மட்டும் மதகு திறப்பது வழக்கம் இல்லை.

இதுதான் வைகையின் நல்ல அம்சம். இங்கே வயல் எசமான், மின்சாரம் ஏவலாள். இதனால் புதிதாக ஓர் ஏக்கரும் மூழ்கவில்லை. ஒரு குடும்பமும் ஊரை விட்டுப் போகவில்லை. வைகையில் பாலைப் போல் மணல் தெரிகிறதே என்றால், அந்தப் பழியை இந்தச் சக்கரத்தின் மேல் போட முடியாது.

எசமான் மாறினால்?

அந்த முறை தலைகீழாக மாறினால் என்ன ஆகும் என்பதே இன்றைய கேள்வி. மின்சாரம் விற்கிறவருக்கு இரண்டு ஆசைகள் உண்டு.

ஒன்று, அணையில் தண்ணீர் எப்போதும் உயரமாக நிற்க வேண்டும். உயரம் இருந்தால்தான் வேகம். வேகம் இருந்தால்தான் யூனிட். விவசாயிக்கோ கதிர் வாடும் நேரத்தில் அணை அடிமட்டம் வரை இறங்கினாலும் தண்ணீர் வந்தாக வேண்டும்.

இரண்டு, மாலை ஆறு மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் மின்சாரத்துக்குக் கிராக்கி அதிகம். பகலிலே தண்ணீரை அடக்கி வைத்து, இரவில் நாலு மணி நேரம் விட்டால் வருமானம் கூடும். அதே தண்ணீர், அதே அளவுதான். ஆனால் வாய்க்காலில் அது ஒரே சீராக ஓடாது; அலை அலையாக வரும். அலை வரும்போது கரை அரிக்கும். அலை வடிந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது.

இந்தக் கடைமடை சின்ன விஷயம் அல்ல. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் இருபோக நிலம் மட்டும் 45,041 ஏக்கர். மேலூர்ப் பகுதி ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். இவற்றுக்கும் அப்பால் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்கள் வைகையை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. மதுரை நகரின் குடிநீரும் இந்த ஆற்றை நம்பித்தான். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்கும் நாளுக்குக் கூட அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். இத்தனை பேருக்கும் தண்ணீர் "எவ்வளவு" என்பதைப் போலவே "எப்போது" என்பதும் முக்கியம்.

மற்ற நாட்டில் எப்படி?

அமெரிக்காவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அணைகள் உண்டு. அவற்றில் நூற்றுக்கு மூன்றில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். மீதி உள்ளவற்றில் சக்கரம் பொருத்தினால் 12,000 மெகாவாட் வரை கிடைக்கக்கூடும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை 2012-ம் ஆண்டில் கணக்கிட்டது. அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவதில்லை. பொதுவாக மத்திய எரிசக்தி ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் தரும் முன் மீன் என்ன ஆகும், கீழே ஆறு வற்றுமா, அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் பிராணவாயு குறையுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். உள்ளே வரும் நீரை அவ்வப்போதே வெளியே விட வேண்டும், அடக்கி வைக்கக்கூடாது என்று நிபந்தனை போடுவதும் உண்டு.

கேட்க வேண்டியவை

இங்கே சிறு நிலையங்களுக்குச் சட்டம் பரிசீலனையைக் கேட்கவில்லை. ஆனால் கேட்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. மாநில சர்க்கார் நினைத்தால் ஒவ்வொரு நிலையத்துக்கும் சுருக்கமான பரிசீலனை ஒன்றை வைக்கலாம். ஆயிரம் பக்க அறிக்கை தேவை இல்லை. நான்கு கேள்விகள் போதும்.

மதகைத் திறக்கும் நேரத்தை முடிவு செய்வது யார்? இயந்திரம் பழுதாகி நின்றால் பாசனத் தண்ணீர் போக மாற்று வழி உண்டா? இடையில் வறண்டுபோகும் ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவார்கள்? ஆறு திடீரென்று ஏறினால் கரையில் உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதிலைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கடைமடை விவசாயியைக் கூப்பிட்டு வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அணைக்கட்டின் மேல் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் எப்போதும் நிறையவே தெரியும். குறை தெரிவது கடைமடையில்தான்.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்று மோட்டார் ஓடுவதற்கும், மேலூரில் பிள்ளைகள் இரவில் படிப்பதற்கும் அது வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்றட்டும். மதகின் சாவி மட்டும் பயிரைக் காப்பவர் கையை விட்டுப் போகக்கூடாது. வைகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த முறை நடந்து வருகிறது. இனி வரப்போகும் ஒவ்வொரு சிறு நிலையத்துக்கும் அதை எழுத்தில் வைத்துவிட்டால், விளக்கும் எரியும், வயலும் நனையும்.